ஒரு வினைச்சொல்லும் ஒரு பக்கம் ஆங்கிலமும்

ஐரிஷ் மொழியிலிருந்து தமிழுக்குக் கொண்டுவருகிறவரின் மேசையில் இரண்டு அகராதிகள் இருந்தே ஆக வேண்டும். ஒன்று பாட்ரிக் டின்னீன் தொகுத்தது. 1904-இல் முதல் பதிப்பும் 1927-இல் பெருக்கிய பதிப்பும் வந்தன. மற்றது நீல் ஓ டோனல் தொகுத்து 1977-இல் வெளியானது. இரண்டுமே ஐரிஷ்-ஆங்கில அகராதிகள். ஐரிஷ் சொல்லுக்கு எதிரே ஆங்கிலம் இருக்கும். தமிழ் அங்கே இல்லை. அதை நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

பெயர்ச்சொற்களில் இதனால் பெரிய சேதம் இல்லை. படகு படகுதான், கரி கரிதான். வம்பு எல்லாம் சின்னச் சின்ன வினைச்சொற்களில். அவற்றில் தலையாயது 'குர்'. ஏவும்போது 'க்விர்' என்று ஒலிக்கும். இறந்தகாலத்துக்குப் போனால் முதல் மெய்யே இளகி 'ஹ்விர்' ஆகிவிடும். ஓ டோனலின் அகராதியில் இந்தச் சொல்லைத் திறந்தால் பத்திக்கு மேல் பத்தியாக ஆங்கிலம் இறங்கிக்கொண்டே போகும். விதைப்பது, நடுவது, புதைப்பது, வைப்பது, அனுப்புவது, மழை பெய்வது, பனி பொழிவது, வியர்ப்பது, இரத்தம் வடிவது, வாந்தி எடுப்பது, கேள்வி கேட்பது, பந்தயம் கட்டுவது, பழி சுமத்துவது, ரத்து செய்வது, விவரிப்பது, இடைமறிப்பது, குடியேறுவது, மறுப்பது, பொறுத்துக்கொள்வது, மொழிபெயர்ப்பது. இத்தனையும் ஒரே வினையடியின் கீழ்.

இந்தப் பட்டியலை வைத்து அயர்லாந்தே சிரித்திருக்கிறது. மைல்ஸ் ந கோப்பலீன் என்ற புனைபெயரில் 'தி ஐரிஷ் டைம்ஸ்' நாளிதழில் 1940 முதல் பத்தி எழுதிவந்தவர் பிரையன் ஓ நோலன். ஃபிளான் ஓ பிரையன் என்ற பெயரில் நாவலும் எழுதியவர். வீட்டில் ஐரிஷ் பேசி வளர்ந்தவர். டின்னீனின் அகராதியை எடுத்துக்கொண்டு, இந்தச் சொல்லுக்கு உள்ள பொருள்களோடு தன் கற்பனையில் உதித்த பொருள்களையும் கலந்து நீட்டிக்கொண்டே போனார். அவருக்கு அந்த உரிமை உண்டு, மொழியை உள்ளிருந்து அறிந்தவர். ஆனால் அந்த நகைச்சுவையைப் பிறகு எடுத்துச் சொல்லியவர்கள் பலர் மொழி தெரியாதவர்கள். 'ஒரு சொல்லுக்கு நூறு அர்த்தம், எதை வேண்டுமானாலும் சொல்லலாம், ஒன்றும் துல்லியமில்லை' என்று ஐரிஷைப் பற்றி ஓர் எண்ணம் அதனால் வேர்பிடித்தது. அந்த எண்ணம் தவறு. ஒரு தமிழருக்கு அது ஏன் தவறு என்பது மற்றவர்களைவிடச் சீக்கிரம் புரியும்.

நான் குடியிருப்பது கால்வேயில். மொழியைப் பழகியது அதற்கு மேற்கே, கொனமராவில், கேரரோ பக்கத்து ஒரு வீட்டில். ஐரிஷ் பேசும் பகுதிகளில் மாணவர்களை வீட்டில் தங்கவைத்துச் சோறு போடும் ஏற்பாடு உண்டு. அந்த வீட்டம்மாவை 'பன் அ டீ' என்பார்கள். பிரித்துப் பார்த்தால் 'வீட்டின் பெண்'. நமது இல்லாள்தான். அந்த அம்மா இலக்கணம் சொல்லித்தரவில்லை. காலையில் அடுப்படியில் பேசிக்கொண்டே இருப்பார், அவ்வளவுதான். 'க்விர் ஷீஸ் அன் கிட்டல், அ ஸ்டோர்' என்பார். கெட்டிலைக் கீழே 'குர்' பண்ணு, தங்கம் என்பது சொல்லுக்குச் சொல். அடுப்பில் கெட்டிலைப் போடு என்று அர்த்தம். தேநீர் ஆனதும் 'க்விர் அமாஹ்', வெளியே 'குர்' பண்ணு, அதாவது ஊற்று. சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாமல் பிள்ளை வாந்தி எடுத்தாலும் அதே 'வெளியே' தான். நான் வாசலுக்குப் போனால் 'கோட்டை உன் மேல் குர் பண்ணிக்கோ'. ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, 'டா ஷே எக் குர்'. இங்கே மழை என்ற சொல்லே இல்லை. 'அது குர் பண்ணிக்கொண்டிருக்கிறது' என்றாலே கொனமராவில் மழைதான். வேறு எதைப் பண்ணப்போகிறது அந்த வானம்!

ஆங்கிலத்தில் இதைக் குறித்துக்கொண்டால் ஐந்து வினை. அடுக்களையில் நின்று கேட்டால் ஒரே வினை. கையிலிருக்கும் ஒன்றை அதற்கான இடத்துக்குப் போகச் செய்வது. எந்த இடம், எந்தப் பக்கம் என்பதைப் பின்னால் வரும் சிறு சொல் பார்த்துக்கொள்ளும்.

இப்போது நம்முடைய 'போடு'வை எண்ணிப் பாருங்கள். சட்டை போடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், காபி போடுகிறோம், கோலம், கணக்கு, சண்டை, நாடகம், தாழ்ப்பாள், ஊசி, மனு எல்லாமே போடுகிறோம். கோழி முட்டை போடுகிறது, ஆடு குட்டி போடுகிறது. சென்னையில் அடியாள் ஒருவன் இன்னொருவனைப் 'போட்டுவிடுகிறான்'. பிறப்புக்கும் கொலைக்கும் ஒரே வினை, ஒரு தமிழ்க் குழந்தைகூட இதில் குழம்புவதில்லை. தமிழ்-ஆங்கில அகராதியில் 'போடு' பகுதியைப் பார்க்கிற வெளிநாட்டவருக்குத்தான் தலை சுற்றும். அவர் பார்ப்பது தமிழின் குழப்பத்தை அல்ல. ஆங்கிலம் எங்கெங்கே வேலி போட்டிருக்கிறதோ அந்த வேலிகளை. 'குர்' பட்டியலும் அப்படித்தான். வேரிலும் இரண்டும் நெருக்கம். 'போடு' என்பது 'போகடு' என்ற பழைய வடிவத்தின் சுருக்கம், போகச் செய் என்று பொருள். பழைய ஐரிஷில் 'குர்' வினைக்கும் எறிதல், வைத்தல், அனுப்புதல் என்பவையே பொருள்.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு, உரையாடலை மொழிபெயர்க்கும்போது பேருதவி செய்வது. ஐரிஷில் 'ஆமாம்', 'இல்லை' என்பதற்குத் தனிச்சொல் கிடையாது. வினையையே திருப்பிச் சொல்ல வேண்டும். 'கிழங்கு போட்டியா?' என்றால் 'போட்டேன்'. ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பவர் இந்த இடத்தில் ஓர் 'எஸ்' போட்டு ஓசையை இழக்கிறார். நமக்கு இழப்பே இல்லை. ஆனால் அதே உரையாடலில் இன்னொரு கணக்கு இடிக்கும். இன்றைய ஐரிஷில் நீ, நீங்கள் என்ற மரியாதை வேறுபாடு இல்லை. மாமியாரும் மருமகளும், பாதிரியாரும் பையனும் 'நீ' தான். யார் யாரை எப்படி அழைப்பார்கள் என்று தமிழில் ஒவ்வொரு முறையும் நாமே முடிவுகட்ட வேண்டும்.

என் குறிப்பேட்டில் 'குர்' பக்கங்களை ஆங்கிலப் பொருள் வரிசையில் எழுதுவதில்லை. பின்னால் வரும் சிறு சொல்லின் வரிசையில் எழுதுகிறேன். இந்தத் தொழிலில் நான் கற்றதில் இதைத்தான் முதலில் சொல்வேன். ஐரிஷில் பசி, தாகம், கவலை, மகிழ்ச்சி எல்லாமே ஒருவர் 'மேல்' இருப்பவை. 'தாகம் என் மேல் இருக்கிறது' என்பார்கள். எனவே ஒருவர் 'மேல்' பயத்தையோ கோபத்தையோ 'குர்' பண்ணினால் ஆங்கிலத்துக்குத் தனித்தனி வினை வேண்டும். தமிழில் 'ஊட்டு', 'மூட்டு' என்ற இரண்டே போதும். பயமூட்டு, கோபமூட்டு, கவலையூட்டு, மகிழ்ச்சியூட்டு என்று அந்தக் குடும்பம் மொத்தமும் அடங்கிவிடும். அகராதியில் பல இடங்களில் சிதறிக் கிடந்தவை குறிப்பேட்டில் ஒரே வரியில் உட்கார்ந்தன.

சிறு சொல்லை அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் இதே வினை சாட்சி. 'மேலே' என்ற சொல்லோடு 'குர்' சேர்ந்து, அதன்பின் 'லெ' வந்தால் பொறுத்துக்கொள்வது. 'டெ' வந்தால் மறுப்பது. சாப்பாட்டை ஒருவன் சகித்துக்கொண்டானா, வேண்டாம் என்று ஒதுக்கினானா என்பது அந்த ஓரெழுத்தில் இருக்கிறது. துல்லியமில்லாத மொழி என்பவர்கள் இந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கட்டும்.

வேறு சில சொற்றொடர்கள் வேலையே வைப்பதில்லை. ஒருவர் பக்கம் குற்றத்தை 'குர்' பண்ணுவது என்றால் பழி போடுவது. வேலைக்கு 'உள்ளே குர்' பண்ணுவது என்றால் மனு போடுவது. ஓர் ஊரில் தன் கீழ் 'குர்' பண்ணிக்கொண்டான் என்றால் அங்கேயே டேரா போட்டுவிட்டான். 'க்விர் இ காஸ்' என்ற தொடரைப் பார்த்த அன்று எழுந்து நடந்துவிட்டு வந்தேன். 'நிலைமையில் வை' என்பது அதன் உட்பொருள். நாம் 'என்று வைத்துக்கொள்வோம்' என்று சொல்கிறோமே, அதுவேதான். கற்பனையாக ஒன்றைச் சொல்ல இரு மொழிகளும் கைக்கெட்டிய ஒரே செயலை எடுத்திருக்கின்றன. மொழிபெயர்ப்பதைச் சொல்லவும் இதே வினைதான். 'க்விர் கேல்கே எர்' என்றால் அதன் மேல் ஐரிஷைப் போடு. கோட்டு போடச் சொன்ன அதே அமைப்பு.

எல்லா இடத்திலும் 'போடு' கைகொடுக்காது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை அரைகுறை.

1937 முதல் 1939 வரை அயர்லாந்தில் ஒரு பெரிய வேலை நடந்தது. ஏறத்தாழ 5,000 தொடக்கப் பள்ளிகளின் பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்ட கதைகளையும் வழக்கங்களையும் மருத்துவத்தையும் நோட்டுப் புத்தகங்களில் எழுதிக்கொண்டு வந்தார்கள். 'பள்ளித் தொகுப்பு' என்று அதற்குப் பெயர். இப்போது இணையத்தில் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். அதிலிருந்து சிலவற்றைத் தமிழாக்குவதுதான் என் நெடுநாள் வேலை. பிள்ளைகளின் கையெழுத்து, வட்டார வழக்கு, கதை சொன்ன பாட்டியின் மூச்சு எல்லாம் அதில் இருக்கின்றன. விவசாயப் பக்கங்களில் 'குர்' இல்லாத வரியைத் தேட வேண்டும். பாத்தி கட்டி, கடற்பாசி உரம் இட்டு, கிழங்கு போடுவது. பெரிய வெள்ளிக்கிழமையன்று கொஞ்சமாவது நட்டுவிட வேண்டும் என்ற நம்பிக்கை. அதே வினை துக்க வீட்டுப் பக்கங்களிலும் வரும். இறந்தவரை எங்கே 'குர்' பண்ணினார்கள், யார் யார் வந்தார்கள்.

கேரரோ வீட்டம்மா தன் பாட்டியைப் பற்றிச் சொன்ன ஒரு வாக்கியம் என் குறிப்பேட்டில் இருக்கிறது. புருஷனை 'குர்' பண்ணினாள், அதே வாரம் கிழங்கையும் 'குர்' பண்ணினாள். ஒரே வினை இரண்டு முறை. இடையில் ஒரு மூச்சுகூட விடாமல் சொன்னார். ஆங்கிலத்தில் இதை எழுதினால் முதலில் புதைப்பதற்கான வினை, பிறகு நடுவதற்கான வினை. அர்த்தம் சரி. ஆனால் வாக்கியத்தின் முதுகெலும்பு போய்விட்டது. அயர்லாந்து 1845 முதல் கிழங்கு அழுகி, பத்து லட்சம் பேர் பசியாலும் நோயாலும் மாண்ட நிலம். கிழங்கை மண்ணுக்குக் கொடுப்பதும் மனிதரை மண்ணுக்குக் கொடுப்பதும் அங்கே அடுத்தடுத்த வேலைகள். வாக்கியம் சொல்லாமல் சொல்வது அதைத்தான்.

தமிழில் என்ன செய்வது? 'மண்ணில் போட்டாள்' என்று எழுத முடியாது. செத்தவரைப் போட்டேன் என்று எந்தக் கிராமத்திலும் சொல்ல மாட்டார்கள், அது அவமரியாதை. 'விதைத்தாள்' என்று எழுதலாம் என்று ஒரு நண்பர் ஆசைப்பட்டார். ஈழத்தில் போரில் இறந்த போராளிகளின் உடலை 'வித்துடல்' என்றார்கள், அடக்கத்தை 'விதைப்பு' என்றார்கள். அந்தச் சொல்லுக்கு நம்மிடையே கனத்த நினைவு இருக்கிறது. அது எண்ணிச் செய்த ஆக்கம். கேரரோ வீட்டம்மா எதையும் எண்ணிச் சொல்லவில்லை, கெட்டிலுக்குச் சொன்ன வினையையே பாட்டியின் புருஷனுக்கும் சொன்னார். 'விதைத்தாள்' என்று எழுதினால் அவர் வாயில் இல்லாத கவிதையை நாம் திணித்தவர்களாவோம்.

விடை நம் ஊர்ப் பேச்சிலேயே இருந்தது. 'இந்த வருஷம் வாழை வச்சிருக்கோம்', 'கரும்பு வச்சிருக்கோம்' என்கிறோம். சாவு வீட்டில் 'அப்பாவைத் தோட்டத்துலயே வச்சுட்டோம்' என்கிறோம். 'புருஷனை மண்ணுல வச்சா, அதே வாரம் கிழங்கையும் மண்ணுல வச்சா.' வினையும் ஒன்றுதான், மரியாதையும் கெடவில்லை, ஜோடனையும் இல்லை. என் மொழிபெயர்ப்பில் எனக்கு முழுத் திருப்தி தரும் வாக்கியங்கள் குறைவு. இது அவற்றில் ஒன்று.

ஆங்கிலப் பத்தியை வைத்துக்கொண்டு எத்தனை காலம் உட்கார்ந்தாலும் 'வச்சா' என்ற சொல் வந்திருக்காது. புதைத்தாள், நட்டாள் என்ற இரண்டும் அங்கே தயாராக நிற்கின்றன. கையை நீட்டினால் வந்துவிடும். அதனால்தான் இந்த மாதிரி வினைகள் வரும்போது நான் அகராதியைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்கிறேன். முதலில் வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்வது. யார் சொல்கிறார், எதை எந்தப் பக்கம் போகச் செய்கிறார் என்று பார்ப்பது. பிறகு தமிழில் அந்த வயது, அந்தத் தொழில், அந்த வீட்டு ஆள் எந்த வினையைச் சொல்வார் என்று காதில் கேட்பது. கடைசியில்தான் டின்னீனும் ஓ டோனலும்.

டின்னீனைக் குறைத்துச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். 1860-இல் கெர்ரியில் பிறந்தவர், சேசு சபையில் இருந்து விலகியபின் வாழ்நாளை இந்த மொழிக்கே கொடுத்தவர். அகராதியின் அச்சுத் தகடுகள் 1916 ஈஸ்டர் எழுச்சியில் டப்ளின் எரிந்தபோது அழிந்துபோயின. அதன்பின் மீண்டும் உட்கார்ந்து, 1,300 பக்கங்களுக்கு மேற்பட்ட புதிய பதிப்பைக் கொண்டுவந்தார். மக்கள் வாயில் கேட்ட ஒவ்வொரு வழக்கையும் விடாமல் எழுதினார். ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் சொல்ல முடியாததால் இருபது சொல் எழுதினார். பட்டியலின் நீளம் அவருடைய நேர்மைக்கு அளவு.

பள்ளித் தொகுப்பின் கதைகளைப் புத்தகமாக்கலாம் என்று தமிழ்நாட்டில் ஒரு பதிப்பாளரை அணுகியபோது, 'இதுக்கெல்லாம் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு இருக்குமே சார், அதுலேர்ந்தே பண்ணிடுங்களேன், சீக்கிரம் முடியும்' என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் பார்த்த உலக இலக்கியம் பெரும்பாலும் அப்படித்தான் தமிழுக்கு வந்தது. ரஷ்ய நாவல்கள் பலவும் லத்தீன் அமெரிக்க நாவல்கள் பலவும் ஆங்கிலம் வழியாக வந்து நம்மை வளர்த்தன, அந்த மொழிபெயர்ப்பாளர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனாலும் கேரரோ வீட்டம்மா ஒரே வினையில் சொன்னது ஆங்கிலத்தில் இரண்டாகி, அந்த இரண்டும் தமிழில் இரண்டாகவே வரும். வாசகருக்கு இழப்பு தெரியவே தெரியாது.

ஐரிஷுக்கும் சென்னைக்கும் இடையே பழைய வழி ஒன்றும் உண்டு. டப்ளினில் பிறந்த விட்லி ஸ்டோக்ஸ் 1862-இல் இந்தியா வந்து, சென்னையிலும் பிறகு கல்கத்தாவிலும் சட்டத்துறையில் பணியாற்றினார். பழைய ஐரிஷ் ஏடுகளைப் படித்துப் பதிப்பித்த அறிஞர்களில் முதல் வரிசையில் நிற்பவர் அவர். மத்தியகால ஐரிஷ் சொற்களுக்குப் பொருள் கூறும் 'கோர்மக் சொல்விளக்கம்' அவர் பதிப்பில் 1868-இல் கல்கத்தாவில் அச்சானது. இந்தியாவில் உட்கார்ந்து ஒருவர் ஐரிஷ் சொற்களை ஆராய்ந்திருக்கிறார். அந்த ஆராய்ச்சியும் ஆங்கிலத்தோடு நின்றுவிட்டது. தமிழ் வரை வரவில்லை.

அயர்லாந்தில் 2022 கணக்கெடுப்பின்படி, பள்ளிக்கு வெளியே தினமும் ஐரிஷ் பேசுவதாகச் சொன்னவர்கள் சுமார் 72,000 பேர். அவர்களிடமிருந்து நேரே கேட்பதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஓ டோனலின் அகராதி முழுவதும் 'டீங்லன்' தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஏராளமான சொற்களை மூன்று வட்டார உச்சரிப்பிலும் அங்கேயே கேட்கலாம். மொழிபெயர்ப்பில் ஆர்வமுள்ள இளைஞர்கள் ஐரிஷாகட்டும், வேறு எந்தச் சிறு மொழியாகட்டும், ஒன்றை எடுத்து மூலத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள். பதிப்பாளர்கள் மூலமொழியிலிருந்து நேரே செய்த வேலைக்குக் கூடுதல் காலமும் கூடுதல் சம்பளமும் கொடுங்கள். இப்போதைக்கு ஐரிஷிலிருந்து நேராகத் தமிழுக்கு வேலை செய்கிறவர்கள் மிகக் குறைவு. இன்னும் ஆட்கள் வேண்டும்.